படகில் குடியிருந்து பயணித்தல்: கரையோர நீர்வழிகளும் சோழமண்டலக் கரையும்

மோட்டார் பொருத்திய படகு ஒன்றையே வீடாகக் கொண்டு, கடற்கரையை ஒட்டிய கால்வாய்கள், காயல்கள், ஆற்று முகத்துவாரங்கள் வழியாக ஊர் ஊராகச் சென்று வாழ்வது உலகின் பல நாடுகளில் வழக்கில் உள்ளது. யாட் எனப்படும் இத்தகைய படகுகளில் படுக்கையறை, சமையலிடம், கழிப்பறை, நீர்த்தொட்டி, மின்சேமிப்பு ஆகியவை இருக்கும். சிலர் விடுமுறையில் சில வாரங்கள் மட்டும் தங்குகின்றனர். சிலர் கரையில் வீடே வைத்துக்கொள்ளாமல் ஆண்டு முழுவதும் படகில் வாழ்கின்றனர்.

இவ்வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது படகின் விலையும் வசதிகளுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் படகில் வாழ முடியுமா என்பதை முடிவு செய்வது நீர்வழியே. போதிய ஆழம், தடையற்ற பாலங்கள், தூய நீர், பாதுகாப்பாக நங்கூரமிட இடம் ஆகிய நான்கும் இல்லாத இடத்தில் எவ்வளவு சிறந்த படகும் பயன்படாது. சென்னைக்கும் மரக்காணத்துக்கும் இடையே ஒரு காலத்தில் படகுகள் நிறைந்திருந்த பக்கிங்காம் கால்வாய் இதற்கு நம் கண்முன் உள்ள சான்று. இக்கட்டுரை படகு வாழ்வின் அடிப்படைகளை விளக்கி, சென்னை முதல் புதுச்சேரி வரையிலான கரையில் அதன் நிலையையும் எடுத்துரைக்கிறது.

கரையோர நீர்வழி என்றால் என்ன?

கடலுக்கும் நிலத்துக்கும் இடையே, மணல் திட்டுகளுக்குப் பின்னால் அமைந்த அமைதியான நீர்ப்பரப்புகள் பல கடற்கரைகளில் உள்ளன. இவற்றைக் காயல், கழி, உப்பங்கழி என்று அழைக்கிறோம். இவற்றைக் கால்வாய்களால் ஒன்றோடொன்று இணைத்தால், திறந்த கடலில் இறங்காமலேயே கரையின் நெடுகப் பயணம் செய்யலாம். அலைகளைத் தாங்கும் அளவுக்கு வலுவில்லாத தட்டையான படகுகளும் இதில் செல்லலாம் என்பதே இந்த நீர்வழியின் பயன்.

அமெரிக்காவின் கரையோர உள்நீர்வழி இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது. அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் சேர்த்து இதன் நீளம் ஏறத்தாழ 4,800 கி.மீ. இலையுதிர் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கியும், வசந்தத்தில் மீண்டும் வடக்கு நோக்கியும் இதன் வழியே படகுக் குடும்பங்கள் நகர்கின்றன. இதன் மேல் கட்டப்படும் நிலையான பாலங்களுக்கு 65 அடி, அதாவது ஏறத்தாழ 20 மீட்டர் உயர இடைவெளி என்ற அளவு வகுக்கப்பட்டுள்ளது. பாய்மரப் படகுகளும் தடையின்றிச் செல்ல இந்த ஒரு விதியே வழிசெய்கிறது.

இங்கிலாந்தின் கால்வாய்களில் ஏறத்தாழ 7 அடி அகலமே கொண்ட நீண்ட ஒடுங்கிய படகுகளில் பலர் வாழ்கின்றனர். நிலையான கட்டுமிடம் இல்லாத படகுகள் பொதுவாக ஓரிடத்தில் 14 நாள்களுக்கு மேல் தொடர்ந்து தங்கக் கூடாது என்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூறுகிறது. பொதுநீர்வழியைச் சிலர் மட்டும் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க இவ்விதி உதவுகிறது.

இந்தியாவில் கேரளத்தின் கெட்டுவள்ளம் நாம் அறிந்ததே. ஆயினி மரப் பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பிணைத்துச் செய்யப்பட்ட இப்படகுகள் முன்பு நெல்லும் பிற சரக்குகளும் ஏற்றின. சாலைப் போக்குவரத்து பெருகியபின் வேலையிழந்த இவை, பிறகு சுற்றுலாப் படகு வீடுகளாக மாறின. கொல்லம் முதல் கோட்டப்புரம் வரையிலான மேற்குக் கரைக் கால்வாய் 1993இல் தேசிய நீர்வழி 3 ஆக அறிவிக்கப்பட்டது. காஷ்மீரின் தால் ஏரிப் படகு வீடுகள் இவற்றிலிருந்து வேறுபட்டவை. அவை ஓரிடத்தில் கட்டிவைக்கப்பட்டவை, பயணம் செய்வதில்லை.

படகின் அளவுகள்

நீர்வழியில் வாழ விரும்புவோர் ஒரு படகைப் பார்க்கும்போது மூன்று அளவுகளை முதலில் கேட்க வேண்டும்.

முதலாவது, படகு நீருக்குள் எவ்வளவு அமிழும் என்பது. ஒரு மீட்டர் அமிழும் படகு ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள கால்வாயில் நிதானமாகச் செல்லலாம். இரண்டு மீட்டர் அமிழும் படகு அங்கே தரைதட்டும். இரண்டாவது, நீர்மட்டத்திற்கு மேல் படகின் உயரம். தாழ்ந்த பாலம் ஒன்று இருந்தால் முழு நீர்வழியும் அந்தப் படகுக்கு மூடப்பட்டது போன்றதே. மூன்றாவது, அகலம். லாக் எனப்படும் இரட்டை மதகுகளுக்குள் படகு நுழையுமா என்பதை இது முடிவு செய்கிறது. நீர்மட்டம் வேறுபடும் இரு பகுதிகளுக்கு இடையே படகை ஒரு தொட்டிக்குள் நிறுத்தி, நீரை நிரப்பியோ வடித்தோ ஏற்றி இறக்கும் அமைப்பே லாக்.

வேகத்திலும் ஒரு வரம்பு உண்டு. நீரைப் பிளந்துகொண்டு மெதுவாகச் செல்லும் படகின் உச்ச வேகம் அதன் நீளத்தைப் பொறுத்தது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் கணக்கிட்டு, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் கிடைப்பது நாட்டிக்கல் அளவிலான வேகம். 36 அடிப் படகுக்கு 36இன் வர்க்கமூலம் 6; எனவே வேகம் ஏறத்தாழ 8 நாட், அதாவது மணிக்கு 15 கி.மீ. இதற்கு மேல் விரட்டினால் படகு தானே எழுப்பும் அலையின் மேல் ஏற முயன்று எரிபொருளை வீணாக்கும். கால்வாயில் அந்த வேகமும் கூடாது. படகின் பின்னலை மண்கரையை அரித்துவிடும். இங்கிலாந்துக் கால்வாய்களில் வேக வரம்பு மணிக்கு 4 மைல், அதாவது நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதல்.

படகுக்குள் ஒரு வீடு

கரை வீட்டில் குழாயைத் திறந்தால் நீர் வருகிறது, பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது. படகில் இரண்டுமே எண்ணிக்கைக்கு உட்பட்டவை.

நீரை எடுத்துக்கொள்வோம். நகர வீடுகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் திட்டமிடலுக்குக் கொள்ளப்படும் அளவு. படகில் இருவர் ஆளுக்கு 25 லிட்டர் என்று சிக்கனமாகச் செலவிட்டால், 400 லிட்டர்த் தொட்டி எட்டு நாள்களுக்கு வரும். நகர அளவில் செலவிட்டால் இரண்டாம் நாளே தொட்டி வற்றிவிடும். கரையோரக் கால்வாய்களில் நீர் பெரும்பாலும் உவர்நீர் என்பதால், சுற்றிலும் நீர் இருந்தும் குடிநீரைக் கரையிலிருந்துதான் நிரப்ப வேண்டும்.

மின்சாரத்திலும் இதே கணக்குதான். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 2.4 யூனிட் மின்சாரம் இருக்கும். ஈய-அமிலப் பேட்டரி கெடாமல் இருக்க அதில் பாதியையே பயன்படுத்தலாம். ஆகவே கையில் உள்ளது 1.2 யூனிட். சிறிய குளிர்பெட்டி, இரண்டு மின்விசிறி, சில எல்.இ.டி. விளக்குகள் ஆகியவற்றுக்கு ஒரு நாளில் ஏறத்தாழ அவ்வளவு தேவை. 300 வாட் சூரியத் தகடு நல்ல வெயில் நாளில் அதை ஈடுசெய்யும். குளிரூட்டி ஓட்டினால் இக்கணக்கு உடைந்துவிடும், ஜெனரேட்டர் தேவைப்படும். எஞ்சினை இயக்கத் தொடங்கும் பேட்டரியை வீட்டுப் பயன்பாட்டுப் பேட்டரியிலிருந்து எப்போதும் தனியாக வைக்க வேண்டும். இரவில் விசிறி ஓடியதால் காலையில் எஞ்சின் எழும்பாமல் போகும் நிலை அப்போதுதான் வராது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியேறாமல் படகின் அடிப்பகுதியில் தேங்கி, ஒரு பொறியில் வெடிக்கும். எனவே சிலிண்டரை மேல்தளத்தில், கசிவு வெளியே வழியும் தனிப் பெட்டியில் வைப்பர். எஞ்சின், ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் நிறமும் இல்லை. மூடிய அறையில் உறங்குவோரை அது எழுப்பாமலே கொல்லும். இதைக் கண்டறியும் கருவி இன்றிப் படகில் உறங்கக் கூடாது.

கழிவு நீரே இவ்வாழ்வின் ஒழுக்கத்தைச் சோதிப்பது. நல்ல படகுகளில் கழிவறை நீர் தனித் தொட்டியில் சேரும். கரையிலுள்ள உறிஞ்சு நிலையத்தில் அதை ஒப்படைக்க வேண்டும். அமெரிக்காவில் கரையிலிருந்து 3 கடல் மைல்களுக்குள் சுத்திகரிக்காத கழிவை வெளியேற்றுவது குற்றம். உறிஞ்சு நிலையங்கள் போதிய அளவில் இல்லாத நீர்வழியில் படகு வீடுகள் பெருகினால், எந்த அழகைக் காணப் பயணிகள் வந்தார்களோ அதையே அவர்கள் அழிக்கிறார்கள். வேம்பநாட்டுக் காயலில் படகு வீடுகளின் கழிவு குறித்துத் தொடர்ந்து எழும் கவலை இதனால்தான்.

உவர்நீரில் படகின் உடலும் தொடர்ந்து தேயும். கொட்டலசு போன்ற ஒட்டுயிரிகள் அடிப்பகுதியில் படிந்து வேகத்தைக் குறைக்கும். மரப்படகைத் துளைப்புழு அரிக்கும். உலோகப் பாகங்கள் மின்வேதி அரிப்பால் கரையாமல் இருக்க, துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவர். அரிப்பு முதலில் அவற்றையே தின்னும். ஆகாயத்தாமரையும் நெகிழிப் பைகளும் நிறைந்த நீரில் இன்னொரு தொல்லை உண்டு. அவை விசிறியில் சுற்றிக்கொள்ளும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் உள்ளே வரும் துளையையும் அடைத்துவிடும்.

பயணமும் நங்கூரமும்

கால்வாய்ப் பயணம் பகலில்தான். கேரளத்தில் மாலையில் மீனவர்கள் வலை விரிக்கும் நேரத்திற்கு முன்பே படகு வீடுகள் கரையில் கட்டப்பட்டுவிடும். நீர்வழி சுற்றுலாவுக்கு மட்டும் உரியதன்று, அதில் பிழைப்பு நடத்துவோருக்கே முதல் உரிமை என்பதை இந்த வழக்கம் நினைவூட்டுகிறது.

இரவில் நங்கூரமிடும்போது கயிற்றின் நீளம் முக்கியம். நீரின் ஆழம் 2 மீட்டர், அணியத்தின் உயரம் 1 மீட்டர், ஓதத்தால் ஏறக்கூடிய நீர் 1 மீட்டர் என்றால் மொத்தம் 4 மீட்டர். அதன் ஐந்து மடங்கு, அதாவது 20 மீட்டர் கயிறோ சங்கிலியோ விட வேண்டும். காற்று வலுத்தால் ஏழு மடங்கு. கயிறு தாழ்வாகச் சாய்ந்து இழுத்தால்தான் நங்கூரம் மண்ணில் பதியும். செங்குத்தாக இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும். நங்கூரமிட்ட படகு எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்றை இரவு முழுவதும் ஏற்றி வைக்க வேண்டும்.

முகத்துவாரங்களே கரையோர நீர்வழியின் ஆபத்தான இடங்கள். அங்கே ஆற்று நீரும் கடல் அலையும் மோதும். மணல் மேடுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். சென்ற மாதம் படகு சென்ற வழியில் இந்த மாதம் மணல் கிடக்கலாம். வழிகாட்டும் மிதவைகளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் கடலிலிருந்து உள்ளே நுழையும்போது சிவப்பு மிதவை இடப்புறமும் பச்சை வலப்புறமும் இருக்கும். அமெரிக்காவில் இது நேர் எதிர். உள்ளூர் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முகத்துவாரத்தைக் கடப்பது எந்த வரைபடத்தைக் காட்டிலும் பயன் தரும்.

சோழமண்டலக் கரையின் நீர்ச்சாலை

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் குறைவு. அலைகள் நேராகக் கரையில் மோதும். ஆகவே கரைக்குப் பின்னால் ஒரு நீர்வழி தேவைப்பட்டது. 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டிய கால்வாயில் இது தொடங்கியது. பின்னர் இது பழவேற்காடு ஏரி வரையும் அதற்கு அப்பாலும் நீண்டது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது, பஞ்ச நிவாரண வேலையாகக் கூவம் ஆற்றையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கி.மீ. பகுதி வெட்டப்பட்டது. பசியில் வாடிய மக்களின் உழைப்பில் உருவான இக்கால்வாய்க்கு, அப்போதைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது.

முழுமை பெற்றபோது பக்கிங்காம் கால்வாய் ஆந்திரத்தில் 258 கி.மீ., தமிழ்நாட்டில் 163 கி.மீ. நீண்டது. வடக்கே கொம்மமூர், ஏலூர், காக்கிநாடா கால்வாய்களுடன் இணைந்து கோதாவரிக் கழிமுகம் வரை ஒரே நீர்வழியானது. உப்பு, விறகு, நெல் ஆகியவற்றை ஏற்றிய தட்டைப் படகுகள் இதில் சென்றன. காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். இல்லையேல் ஒருவர் கோலால் தள்ள, மற்றவர்கள் கரையில் நடந்து கயிற்றால் இழுப்பார்கள். மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் இழுத்தால், சென்னையிலிருந்து மரக்காணம் வரையிலான 110 கி.மீ. தொலைவைக் கடக்க 37 மணி நேர உழைப்பு வேண்டும். நடுவில் உண்பதும் உறங்குவதும் படகிலும் கரையிலும்தான். படகில் குடியிருந்து பயணித்தல் நம் கரைக்குப் புதிதன்று. அப்போது அது உல்லாசத்துக்குரியதாக இல்லை, கூலி வேலையாக இருந்தது.

பொழுதுபோக்குப் பயணமும் இதில் நடந்ததுண்டு. புதுச்சேரிக் கவிஞர் பாரதிதாசன் நண்பர்களுடன் இக்கால்வாயில் படகில் மாமல்லபுரம் சென்ற பயணத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்ற பாடலாக்கியுள்ளார்.

கால்வாய் எப்படி மூடியது?

இருப்புப்பாதையும் லாரியும் முதலில் சரக்கைப் பறித்துக்கொண்டன. வருமானம் குறைந்ததும் தூர்வாருவது குறைந்தது. 1960களிலும் 1970களிலும் வீசிய புயல்கள் கரைகளையும் மதகுகளையும் சிதைத்தன. சென்னை நகருக்குள் ஏறத்தாழ 31 கி.மீ. நீளமுள்ள பகுதியில் வீட்டுக் கழிவும் தொழிற்சாலைக் கழிவும் கலந்தன. எண்ணூர்ப் பகுதியில் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்தது. 1990களில் பறக்கும் ரயில் திட்டத்தின் தூண்களும் நிலையங்களும் கால்வாயின் உள்ளேயே எழுப்பப்பட்டன. படகு செல்ல வேண்டிய அகலம் தூண்களுக்கு இடையே சுருங்கியது.

இந்த முடிவுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் ஏதோ ஒரு தேவைக்காக எடுக்கப்பட்டவையே. கால்வாயில் படகே ஓடவில்லை, பிறகு இடத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் என்ன என்பதே எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்த எண்ணம். ஆனால் கால்வாயின் பணி படகோடு முடியவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, கடலிலிருந்து ஏறிய நீரைப் பல இடங்களில் இக்கால்வாய் உள்வாங்கி மீண்டும் கடலுக்கு வடித்தது. அதன் பின்னால் இருந்த குடியிருப்புகள் பல அதனால் பெருஞ்சேதத்திலிருந்து தப்பின. மழைவெள்ளத்தை வடிப்பதிலும் அதன் பங்கு பெரிது.

சுத்துக்கேணியும் சங்கராபரணியும்

கால்வாய் மரக்காணத்தில் முடிந்தாலும், நீரோடு இணைந்த வாழ்வு புதுச்சேரிப் பகுதியில் அதைவிடப் பழையது. செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆறு, வீடூர் அணையைக் கடந்து புதுச்சேரியின் ஊரகப் பகுதிகள் வழியாக ஓடி, கடலை நெருங்கும்போது அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரண்டாகப் பிரிகிறது. அரியாங்குப்பம் ஆற்றின் கரையில்தான் ரோமானிய வணிகத் தொடர்புகொண்ட அரிக்கமேடு அமைந்துள்ளது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரியக் கடல் செலவுக் குறிப்பு என்ற கிரேக்க நூல், பொதுகே என்ற துறைமுகத்தைக் குறிப்பிடுகிறது. இது புதுச்சேரிப் பகுதியே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கரையோரமாகவே செல்லும் உள்ளூர்ப் படகுகள், மரங்களைப் பிணைத்துச் செய்த சங்கரா என்ற பெரிய கலங்கள், தொலைகடல் செல்லும் கொலாந்தியா என்ற கலங்கள் என மூன்று வகைகளை அந்நூல் பிரித்துக் கூறுகிறது. கரையோரப் பயணத்துக்கு ஒரு படகு, ஆழ்கடலுக்கு வேறொரு படகு என்ற பாகுபாடு அன்றே தெளிவாக இருந்திருக்கிறது.

கடலிலிருந்து உள்ளே தள்ளியுள்ள சுத்துக்கேணியிலும் அக்காலத் தடயங்கள் உண்டு. அரிக்கமேட்டில் அகழாய்வு செய்த பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஜான் மரி கசால், சுத்துக்கேணியின் பெருங்கற்கால ஈமச்சின்னங்களையும் ஆராய்ந்து, 1956இல் வெளியிட்ட நூலில் விவரித்துள்ளார். அங்கே பொன் அணிகலன்களும் கிடைத்தன.

இன்று சுத்துக்கேணியின் பெயர் ஒரு வாய்க்காலோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. சங்கராபரணி நீரை ஊசுட்டேரிக்குக் கொண்டுசெல்லும் சுத்துக்கேணி வாய்க்கால் அது. பாசனத்துக்கும் நிலத்தடி நீருக்கும் பறவைகளுக்கும் உயிரூட்டும் இவ்வாய்க்கால் படகுக்கு உரியதன்று. ஆண்டின் பெரும்பகுதியில் ஆற்றின் மேல்பகுதியில் நீரோட்டம் மிகக் குறைவு. வடகிழக்குப் பருவமழையில் அது திடீரென்று பெருகும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அதைத் தொடர்ந்து சங்கராபரணியில் வெள்ளம் பாய்ந்து கரையோரக் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. அணை திறந்து வெள்ளம் வரும் ஆற்றில் நங்கூரமிட்ட படகு வீடு நிலைக்காது.

ஆகவே இப்பகுதியில் படகுக்கு ஏற்றது ஓதம் ஏறி இறங்கும் கீழ்ப்பகுதியே. சுண்ணாம்பாற்றில் நோணாங்குப்பம் படகுத்துறையிலிருந்து சுற்றுலாப் படகுகள் முகத்துவாரத்து மணல்திட்டு வரை செல்கின்றன. இக்கரையில் ஓத வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்குவதால், முகத்துவாரத்து மணலைத் தானே அரித்துத் திறந்துவைக்கும் வலிமை அதற்குக் குறைவு. தட்டையான, அரை மீட்டருக்குச் சற்று மேல் அமிழும் படகே இங்கு உதவும். ஜனவரி முதல் சில மாதங்கள் அமைதியானவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம்.

தேசிய நீர்வழி 4: திறப்பதா, விட்டுவைப்பதா?

காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான கால்வாய்த் தொடரையும், கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் சில பகுதிகளையும் சேர்த்து 1,078 கி.மீ. நீள நீர்வழி 2008இல் தேசிய நீர்வழி 4 ஆக அறிவிக்கப்பட்டது. இதில் தென் பக்கிங்காம் கால்வாய் 110 கி.மீ.; மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கழுவெளி வழியான பகுதி 22 கி.மீ. மணிக்கு 11 கி.மீ. வேகத்தில் செல்லும் மோட்டார் படகு இந்த 132 கி.மீ. தொலைவைப் பன்னிரண்டு மணி நேரத்தில், அதாவது நிதானமான இரண்டு மூன்று பகல்களில் கடந்துவிடும். வரைபடத்தில் இது எளிய பயணம்.

களத்தில் அப்படி இல்லை. சென்னைக்குள் தூண்கள், அதற்குத் தெற்கே தாழ்ந்த பாலங்களும் தூர்ந்த பகுதிகளும், முடிவில் கழுவெளி. விழுப்புரம் மாவட்டத்தின் இப்பெரும் சதுப்புநிலம் 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் ஆழமற்ற பரப்பாக இருப்பதால்தான் வலசைப் பறவைகள் இங்கு வருகின்றன. படகுக்காக ஆழமான தடம் வெட்டினால் கடல்நீர் உள்ளே வெகுதூரம் ஏறலாம். சுற்றியுள்ள வயல்களும் கிணறுகளும் உவர்ப்பாகலாம். நீர்நடையிட்டு இரைதேடும் பறவைகள் இடத்தை இழக்கலாம்.

எனவே நீர்வழியைத் திறப்பது என்பதை ஒரே திட்டமாகப் பார்க்காமல் பகுதி பகுதியாகப் பார்ப்பதே பொருத்தம். கழிவைத் தடுத்துத் தூர்வாருவது எல்லாப் பகுதிக்கும் நல்லது. படகு வந்தாலும் வராவிட்டாலும் வெள்ளம் வடியும், மீன்வளம் திரும்பும். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு, மாமல்லபுரம் போன்ற பகுதிகளில் சிறு படகுகளுக்கு இடமுண்டு. கழுவெளியில் மட்டும் படகு மரக்காணத்தோடு நின்றுவிடுவதே நல்லது; மீதி 22 கி.மீ. தொலைவைப் பயணி சாலையில் கடக்கலாம்.

சட்டமும் பொறுப்பும்

1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக, உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021இல் இயற்றப்பட்டது. எந்திரத்தால் இயங்கும் உள்நாட்டுப் படகுகள் தகுதிச் சோதனை, பதிவு, தகுதி பெற்ற ஓட்டுநர் ஆகியவற்றுடன் இயங்க வேண்டும் என்று இது கோருகிறது. ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு மேலாடை, தீயணைப்பான், உள்ளே சேரும் நீரை இறைக்கும் பம்பு ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள். கடல் வானொலி உரிமம் பெற்றவர்கள் அவசர அழைப்புக்குரிய 16ஆம் அலைவரிசையைக் கவனித்துவர வேண்டும். பறவைகள் சரணாலயம் வழியாகச் செல்ல வனத்துறை அனுமதி தேவை.

படகு வாழ்வைப் படிக்கும் மாணவர்கள் தம் ஊர் நீர்நிலையிலேயே ஒரு சிறு ஆய்வைத் தொடங்கலாம். அருகிலுள்ள வாய்க்காலையோ ஆற்றையோ எடுத்துக்கொண்டு, கோடையிலும் மழையிலும் ஆழத்தை அளக்கலாம்; பாலங்களின் உயரத்தைக் குறிக்கலாம்; கழிவு கலக்கும் இடங்களைப் பட்டியலிடலாம்; அந்த நீரை நம்பிப் பிழைப்போர் யார் என்று கேட்டு எழுதலாம். ஒரு படகு அங்கே மிதக்குமா என்ற கேள்வியில் தொடங்கும் அந்தப் பட்டியல், அந்த நீர் உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விக்கும் விடை சொல்லிவிடும்.